கட்டாயப் பாடமும் அறக்கடனும்

நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், அவன் கற்பிக்கும் முறை, மாணாக்கன், அவன் கற்கும் முறை என ஐந்தினை வகுத்து இலக்கணம் கூறுகின்றது. அந்நூல் எழுந்த காலத்தில் ஆசிரியனும் மாணாக்கனும் நேருக்கு நேர் இருந்தனர். இவனுக்கு இதனைக் கற்பிக்கலாம் என்பதை ஆசிரியனே கண்டறிந்து முடிவு செய்தான். நவீன பல்கலைக்கழகமோ இவ்வைந்துடன் ஆறாவதாகக் குழு என்னும் ஒன்றினைச் சேர்த்துள்ளது. எது கட்டாயப் பாடம், எது விருப்பப் பாடம், எவற்றில் சித்தியெய்தினால் பட்டம் வழங்கலாம் என்பனவற்றை இன்று குழுக்களே தீர்மானிக்கின்றன. தான் முகங்காணாத ஒருவன் இன்னதைக் கற்றேயாக வேண்டுமென விதிக்கும் உரிமை ஒரு குழுவுக்கு எங்கிருந்து வந்தது? இது நிருவாகவியல் வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் ஓர் அறவியல் வினாவேயாகும்.

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு பீடச்சபையை ஏற்படுத்தியது. பீடாதிபதி, துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள் முதலியோருடன் மாணவரால் தெரிவு செய்யப்படும் இருவரும் அச்சபையில் இடம்பெறுவர். துறையொன்றில் உருவாகும் பாடநெறி பீடச்சபையில் ஆராயப்பட்டு, கல்வி விடயங்களில் அதிகாரமுடைய மூதவைக்குச் செல்லும். தனியொருவரின் விருப்பு வெறுப்புக்கு இடமளியாத ஒழுங்கு என்ற வகையில் இம்முறை போற்றத்தக்கதே.

ஆயினும் இவ்வொழுங்கினுள் ஒரு குறை மறைந்துள்ளது. பாடமொன்று கட்டாயமாக்கப்படின் அதனைக் கற்பிக்கும் துறை வளரும்; நீக்கப்படின் அத்துறை தேயும். ஆகவே அங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியர் முற்றிலும் பற்றற்றவரல்லர். மாணவப் பிரதிநிதிகளோ பெரும்பாலும் புதிய பாடத்திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன் பட்டம் பெற்று வெளியேறி விடுவர். அத்திட்டத்தின் முழுச் சுமையையும் தாங்கப் போகின்றவன் அப்போது எங்கோ ஒரு கிராமத்துப் பாடசாலையில் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்காகப் பேசும் வாய் அச்சபையில் இல்லை.

இந்நிலை எங்கு கொண்டு செல்லும் என்பதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வரலாறு சான்றாகும். அங்கு கிரேக்க மொழியில் சித்தியடையாத எவரும் பட்டம் பெற முடியாதிருந்தது. விஞ்ஞானம் பயில விரும்பியோருக்கும், கிரேக்கம் கற்பிக்கப்படாத பாடசாலைகளிலிருந்து வந்தோருக்கும் இவ்விதி பெருந்தடையாயிற்று. அதனைத் தளர்த்தும் யோசனை 1905இல் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, வாக்குரிமை பெற்றிருந்த பழைய முதுகலைப் பட்டதாரிகள், சிறப்பாகக் கிராமப்புறக் குருமார், திரண்டு வந்து அதனைத் தோற்கடித்தனர். 1919இலேயே அக்கட்டாயம் நீங்கிற்று. கிரேக்கத்தின்மீது அவர்கள் கொண்டிருந்த பற்று போலியானதன்று. ஆயின் வாக்களித்துவிட்டு ஊர் திரும்பிய அவர்களுள் எவரும் மீண்டும் பரீட்சை மண்டபத்தில் அமரவேண்டியிருக்கவில்லை. விதியின் பெருமை அவர்களுக்கும் அதன் சுமை பிறருக்குமாக அது பங்கிடப்பட்டது.

இலங்கையரும் இத்தகைய தூரத்தை அறிந்தவர்களே. 1921இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கே தோற்றினர். அவர்கள் கற்க வேண்டியதைக் கடலுக்கப்பாலிருந்தோர் வகுத்தனர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அவ்வதிகாரம் இம்மண்ணுக்கு வந்தது. ஆனால் குழு அருகில் வந்துவிட்டமையால் மட்டும் மாணவன் அதன் கண்ணிற்பட்டு விடுவான் என்பதற்கில்லை.

அவ்வாறாயின் கட்டாயத்தையே ஒழித்து, தெரிவை மாணவனிடமே விட்டுவிடலாமே என்பர் சிலர். 1869இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்ற சார்ள்ஸ் எலியட் இவ்வழியையே மேற்கொண்டார். நாற்பதாண்டுக் காலத்தில் அங்கு கட்டாயப் பாடங்கள் பெரிதும் அருகின. எனினும் 1909இல் அவருக்குப் பின் வந்த லோவெல் காலத்தில், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரப்பும் வேண்டுமென்ற நிபந்தனைகள் மீண்டும் இடம்பெற்றன. தெரிவதற்கும் ஓர் அறிவு வேண்டும். அவ்வறிவைப் பெறுவதற்காகவே மாணவன் பல்கலைக்கழகம் வருகின்றான். அவன் இன்னும் அறியாத ஒன்றின் பயனை அவனே நிறுத்துப் பார்க்க வேண்டுமென்பது சுதந்திரத்தின் பெயரால் அவனைக் கைவிடுதலாகும். எனவே விதித்தல் தவிர்க்க முடியாதது.

விதித்தல் தவிர்க்க முடியாததெனின், விதிப்போர் எந்நிலையில் நின்று விதிக்க வேண்டும் என்பதே எஞ்சும் வினா. சிறுவனொருவனின் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளரின் நிலையே குழுவினருக்குப் பொருந்துவது. அச்சொத்து பொறுப்பாளருக்குரியதன்று. உரியவன் வந்து கேட்கும் நாளில் அவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அவ்வாறே ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கும் குழுவும் மூன்று கடன்களை ஏற்றுக்கொள்கின்றது. அப்பாடம் ஏன் வேண்டும் என்பதற்கு, துறையின் நலனைச் சுட்டாது, கற்பவனிடமே சொல்லக்கூடிய காரணம் காட்டுதல் முதலாவது. அக்காரணம் இன்றும் நிற்கின்றதா எனக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்தல் இரண்டாவது. அந்நிபந்தனையை நிறைவேற்றுவதற்கான வழியை அமைத்துக் கொடுத்தல் மூன்றாவது.

இவற்றுள் இறுதியானதே பெரிதும் மறக்கப்படுவது. ஆங்கில ஆசிரியர் ஒருவரையேனும் காணாத பாடசாலையிலிருந்து வரும் மாணவிக்கு ஆங்கிலத்தில் சித்தியடைதல் பட்டத்துக்குரிய நிபந்தனையாக்கப்படுவதாகக் கொள்வோம். அந்நிபந்தனை நியாயமானதாகவே இருக்கலாம்; அவள் வாசிக்க வேண்டிய நூல்கள் பல அம்மொழியிலேயே உள்ளன. ஆனால் போதிய ஆசிரியரும் நேரமும் வகுப்பும் வழங்கப்படாவிடின், அதே நிபந்தனை அவள் முன்னே பூட்டிய கதவாகிவிடும். நகரத்துப் பாடசாலையிலிருந்து வந்தவன் அக்கதவு இருப்பதையே உணராமல் கடந்து செல்வான். இருவருக்கும் ஒரே விதி விதிக்கப்பட்டமையால் நீதி செய்யப்பட்டதாகக் குழு அமைதி கொள்ளுதல் தகாது.

பீடச்சபையின் கூட்டக் குறிப்பில் ஒரு பாடநெறி ஒரு வரியில் அங்கீகரிக்கப்படுகின்றது. அவ்வொரு வரி ஒருவரின் வாழ்நாளில் ஓராண்டைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது. அவ்வரியை எழுதுமுன், இன்னும் வந்து சேராத அம்மாணவியும் கூட்டத்தில் அமர்ந்திருப்பதாகக் கருதி, அவள் முகத்தை நோக்கிச் சொல்லத்தக்க காரணம் தம்மிடம் உண்டா என்று உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவுவாராயின், ஆறாவதாக வந்து சேர்ந்த குழுவும் நன்னூல் வகுத்த ஐந்துடன் ஒருங்கே வைத்து எண்ணத்தக்க தகுதியைப் பெறும்.