அடிவாரத் தரிசனம்

புதுக்கோட்டைச் சீமையை மலைநாடு என்று எவரும் அழைத்ததில்லை. ஆயினும் அங்கே தெய்வத்தைத் தேடிப் புறப்படுகிறவன், எந்தத் திசையில் போனாலும், பெரும்பாலும் ஒரு குன்றின் அடியிலேதான் போய் நிற்கிறான். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலை, திருமயம், குமரமலை, குன்றாண்டார்கோயில், மலையடிப்பட்டி என்று, பொட்டல் வெளியிலே திடீரென எழுந்து நிற்கும் அந்தப் பாறைகளில் சமணரும் சைவரும் வைணவரும் ஈராயிரம் ஆண்டுகளாகத் தங்கள் தவத்தையும் தெய்வத்தையும் குடியேற்றி வைத்திருக்கிறார்கள். இவற்றுள் எதுவும் பெரிய மலையல்ல. விராலிமலைக்கு 200-க்குச் சற்று அதிகமான படிகள். இளைஞன் ஒருவன் பேசிக்கொண்டே ஏறிவிடுவான். ஆனால் எழுபது பிராயத்தைத் தாண்டி, முழங்கால் தேய்ந்து, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கிவிட்டு வந்து நிற்கிற ஒருவருக்கு அந்த 200 படிகளும் கைலாசந்தான். பிள்ளைகளும் பேரன்மாரும் மேலே போய்விட, கீழே ஒரு கல்லின்மேல் அமர்ந்து அவர்களுடைய செருப்புகளைக் காத்துக்கொண்டிருக்கும் அந்த முதியவருக்கு யாத்திரையின் பலன் உண்டா, இல்லையா? கேலிக்குரிய கேள்வி போலத் தோன்றினாலும், நமது சமயங்கள் இதை மிகுந்த அக்கறையுடன் யோசித்திருக்கின்றன என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சிரமப்பட்டுப் போனால்தான் புண்ணியம் என்று ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பழனியில் 1966-இல் விஞ்ச் ஓடத் தொடங்கியபோதும், 2004-இல் ரோப் கார் வந்தபோதும், 2024-இல் 1,305 படிகள் கொண்ட சோளிங்கருக்கும் 1,017 படிகள் கொண்ட அய்யர்மலைக்கும் கம்பிவட ஊர்தி அமைந்தபோதும், இனி மலையேறுவதில் என்ன மகிமை இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்களுடைய முழங்கால்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். தேகப் பிரயாசைக்கு ஆன்மிகத்தில் ஓர் இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. காவடி எடுப்பவனுடைய தோள்வலியை வெறும் தோள்வலி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் பிரயாசை என்பது படிகளின் தொகையைக் கொண்டு அளக்கப்படுவதா, ஏறுகிறவனுடைய சக்தியைக் கொண்டு அளக்கப்படுவதா என்பதே வினா.

இதற்கு விடை சொல்லும் ஒரு குன்று புதுக்கோட்டை நகருக்கு அருகிலேயே இருக்கிறது. குமரமலை என்பது அதன் பெயர். பாலதண்டாயுதபாணி அங்கே எழுந்தருளியிருக்கிறான். அக்கோயில் உண்டான வரலாற்றை அந்த வட்டாரத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடியவர் ஒருவர் ஆண்டு தவறாமல் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்; விருத்தாப்பியம் வந்தது; ஓர் ஆண்டு நடக்க இயலவில்லை; நோன்பு முறிந்ததே என்று அவர் ஏங்கிக் கிடந்தபோது முருகன் கனவில் தோன்றி, ‘நீ என்னிடம் வரவேண்டாம்; இந்தக் குன்றில் நானே இருக்கிறேன்’ என்று அருளி, தான் இருக்கும் இடத்துக்கு அடையாளமும் சொன்னான் என்பது கதை. சரித்திர ஆராய்ச்சியாளன் இதை எப்படி மதிப்பிடுவான் என்பது எனக்குக் கவலையில்லை. முதுமையால் வழிபாடு தடைப்பட்ட மனிதனை, ‘உனக்கு இனி விலக்கு; வீட்டில் இருந்துகொள்’ என்று தெய்வம் அனுப்பிவிடவில்லை; தன் இருப்பிடத்தையே மாற்றிக்கொண்டது என்று ஒரு ஜனசமூகம் நம்பியது; நம்பியதோடு நில்லாமல் அந்த நம்பிக்கையின்மேல் கோயிலும் கட்டியது. தென்திருப்பதி என்று பெயர் சூடிக்கொண்ட ஊர்கள் சிலவற்றின் தலவரலாறும் ஏறக்குறைய இதுவேதான். நம் நாட்டுத் தலபுராணங்களில் முதியவர்களுக்காக இடம்பெயர்ந்த தெய்வங்களைத் தனியே தொகுத்தால் அதுவே ஒரு நூலாகும்.

பெரிய புராணத்தை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் அப்பர் சுவாமிகளின் ஞாபகம் வராமலிராது. தள்ளாத வயதில் கயிலையைக் காணப் புறப்பட்ட அவர், பாதங்கள் தேய்ந்தபின் கைகளால் தாவி, கைகளும் தேய்ந்தபின் மார்பினால் ஊர்ந்து, அதுவும் இயலாதபோது உருண்டு போனார் என்றும், ஒரு முனிவர் வடிவில் வந்த இறைவன் ‘மானிடர்க்கு இது ஆகாது, திரும்பிப் போ’ என்றபோது அவர் இணங்கவில்லை என்றும், பின்பு அங்கிருந்த தடாகத்தில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச்செய்து அங்கேயே கயிலைக் காட்சியை அருளினான் என்றும் சேக்கிழார் விரிக்கிறார். இந்தச் சரிதத்தை உடல் வருத்தத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவோர், அவர் ஊர்ந்ததைச் சொல்வார்கள்; முடிவைச் சொல்ல மறந்துவிடுவார்கள். முடிவில் அப்பர் கயிலையை அடையவே இல்லை. காவிரிக் கரையிலே, சமவெளியிலே, கண்ணெதிரே வரும் களிற்றையும் பிடியையும், சேவலையும் பெடையையும் சிவமும் சக்தியுமாகக் கண்டார். அதைவிட உயர்ந்த காட்சி சிகரத்தில் ஒன்று மீந்திருந்தது என்று எந்தச் சைவனும் சொல்லத் துணியமாட்டான்.

ஆனாலும் ஊர்ந்த பிறகுதானே அருள் வந்தது என்று வாதிக்கலாம். வாதம் நியாயமானது. இதற்கு மாயூரத்தில் ஒரு சமாதானம் இருக்கிறது. ஐப்பசி முழுவதும் அங்கே காவிரியில் துலாஸ்நானம் விசேஷம். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. கால் ஊனமுற்ற ஒருவன் நீராடுவதற்காகப் புறப்பட்டு வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிட்டது. அவனுக்காக இறைவன் புண்ணிய காலத்தை ஒரு நாள் நீட்டிக்கொடுத்தான். அதனால்தான் இன்றும் கார்த்திகை முதல் நாள் ‘முடவன் முழுக்கு’ என்று நடைபெறுகிறது. பஞ்சாங்கத்தையே ஒரு நொண்டிக் காலுக்காகத் திருத்திக்கொண்ட சமயம் நம்முடையது. அப்பரிடமும் இவனிடமும் பொதுவாக உள்ளது எது? இருவரும் அடைந்தார்கள் என்பதல்ல, இருவரும் புறப்பட்டார்கள் என்பதே. யாத்திரையில் எண்ணப்படுவது புறப்பாடு. எட்டிய உயரம் அல்ல. வீட்டு வாசற்படியை இறங்கி, பஸ்ஸின் உயரமான படியில் மூச்சு வாங்க ஏறி, விராலிமலை அடிவாரம்வரை வந்து சேர்ந்த முதியவர், தமக்குரிய மலையை முன்பே ஏறி முடித்துவிட்டார் என்றே நான் கொள்கிறேன். தவிர, பக்தன் ஒருவனிடம் சுருட்டையே நைவேத்தியமாகக் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொல்லப்படும் விராலிமலை முருகன், படியேறாத கிழவரைக் கோபித்துக்கொள்வான் என்று நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை.

பக்தி மார்க்கத்தின் விடை இது. ஆனால் இந்தச் சீமையிலேயே இதற்கு எதிர்முகமாக நிற்கும் ஓர் இடமும் உண்டு. சித்தன்னவாசல் குன்றின் கிழக்கு முகத்தில், மேலே ஏறிக் கடந்து, ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க பாறை விளிம்பின் வழியாகப் போனால், பாறையில் அடிவைக்க வெட்டிய ஏழு பள்ளங்கள் வருகின்றன; ஏழடிப்பட்டம் என்ற பெயர் அவற்றால் வந்தது. இப்போது இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். அன்று அதுவும் இல்லை. உள்ளே இயற்கைக் குகையில் 17 கற்படுக்கைகள். கிறிஸ்துவுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவருக்கு அந்த ஆசனத்தைச் செய்துகொடுத்த செய்தியைக் கூறுகிறது. படுக்கையின்மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தால், மழமழவென்று அது இழைக்கப்பட்டிருப்பதும், தலைமாட்டில் கல்லையே சற்று உயர்த்தித் தலையணையாக்கியிருப்பதும் தெரியும். உடலைப் பொருட்படுத்தாத துறவிக்குத் தலையணை வைக்கவேண்டும் என்று அந்தக் கல்தச்சனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று நான் வியப்பதுண்டு.

இங்கே உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பது அறிஞர் பலருடைய கருத்து. சல்லேகனை என்னும் அந்த விரதத்தைச் சமண நூல்கள் கண்டவர்க்கெல்லாம் விதிக்கவில்லை; விலக்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராத நோய் ஆகியவை வந்து விரதங்களைக் காக்க இயலாமற் போகும்போது மட்டுமே அதற்கு இடங்கொடுக்கின்றன. 2015-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலை என்று கருதித் தடைசெய்ததும், அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும், இந்தப் பழைய விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதைக் காட்டும். அந்த வழக்கில் நான் நுழையவில்லை. நமக்கு வேண்டியது இவ்வளவே: ஏழடிப்பட்டத்து முனிவருக்கு மூப்பு என்பது, குமரமலை அடியவருக்குப் போல, தெய்வத்தினிடமிருந்து தம்மைப் பிரிக்கும் தடையன்று, உயரத்துக்குப் போய் உடலைக் கழற்றிவைக்க வந்த அழைப்பு. அவர் எதையும் தரிசிப்பதற்காக ஏறவில்லை. மீண்டும் இறங்கும் உத்தேசமும் அவருக்கு இல்லை. ஆகவே அவருடைய ஏற்றத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மாலையில் வீடு திரும்பவேண்டிய யாத்திரிகனை அளப்பது பொருந்தாது.

அதே சித்தன்னவாசல் குன்றின் மேற்கு முகத்தில் அறிவர் கோயில் இருக்கிறது. ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுக்கினான் என்று கல்வெட்டு சொல்கிறது. அதன் விதானத்தில் தீட்டிய தாமரைத் தடாகம் உலகப் பிரசித்தம். அந்த ஓவியத்தின் பொருளை உணர்ந்து பார்ப்பவர்கள்தாம் குறைவு. தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரணத்துக்குப் போகும் வழியில் உள்ள தடாகம் அது. மோட்சத்துக்கு உரியவர்களான பவ்வியர்கள் அதில் இறங்கிப் பூக்கொய்கிறார்கள். யானையும் எருமையும் மீனும் வாத்தும் உடன் இருக்கின்றன. உபதேச மண்டபத்தை வரையாமல், வழியிலே இளைப்பாறும் இடத்தைத் தலைக்குமேல் வரைந்துவைத்தானே, அந்த ஓவியன் யாத்திரையின் தத்துவத்தை அறிந்தவன். நிறம் மங்கிவிட்டது, நெடுநேரம் அண்ணாந்து பார்க்க முதியவர்களின் கழுத்து இடங்கொடாது. ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுபோனால் குனிந்தபடியே தாமரைகளைப் பார்க்கலாம். கருவறையில் நின்று மெல்ல முனகினால் அந்த ஒலி அறை முழுதும் நிறைந்து அதிரும். கண் மங்கியவர்களுக்கு ஓவியத்தைக் காட்டிலும் அது பெரிய அநுபவம்.

மலையேறாமலே காணத்தக்கவை இன்னும் உண்டு. கிழவன் சேதுபதி 1687-இல் எழுப்பிய திருமயம் கோட்டையின் உச்சியில் பீரங்கி இருக்கிறது. பெரிய கோயில்களோ பாறையின் அடியிலேதான் இருக்கின்றன. பாறையைக் குடைந்து பள்ளிகொண்ட பெருமாளும் சத்தியகிரீசுவரரும் அடுத்தடுத்து வீற்றிருக்க, ஏறாதவன் பெரிதாக எதையும் இழப்பதில்லை. குடுமியான்மலையில் சிகாநாதர் குன்றின் அடியில் இருக்கிறார். சங்கீத சுரங்களைப் பொறித்த புகழ்பெற்ற கல்வெட்டு மேலைக்கோயிலை ஒட்டிச் சரிவின் தாழ்ந்த பகுதியிலேயே இருக்கிறது. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரத்துக்குப் பாறைமேல் நடக்கவேண்டும்; பங்குனித் திருவிழாவுக்குத் திரளும் ஜனங்கள் நாடி வருவது ஊருக்குள் இருக்கும் மாரியம்மனை. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் நகரத்துக்குள்ளேயே இருக்கிறாள்.

இவற்றையெல்லாம்விட, முதுமையும் தரிசனமும் பற்றி யோசிக்கிறவர்கள் கடைசியாகப் போகவேண்டிய இடம் மலையே இல்லாத ஆவுடையார்கோயில். குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட வாதவூரரை, குருந்த மரத்தடியில் குருவாக வந்திருந்து இறைவன் வழிமறித்து ஆட்கொண்ட தலம் அது. அங்கே ஆவுடையார் மட்டும் உண்டு. மேலே இலிங்கத் திருமேனி இல்லை. ஆத்மநாதர் என்பது சுவாமியின் திருநாமம். சுடச்சுடப் புழுங்கலரிசிச் சோற்றைக் கல்லின்மேல் கொட்டி, எழும் ஆவியையே நிவேதனமாக்குகிறார்கள். இருபது வயதுக் கண்ணுக்கும் புரை விழுந்த கண்ணுக்கும் அந்தக் கருவறையில் தெரிவது ஒன்றே. தரிசனம் என்பது இவ்வளவு அருகிலிருந்து, இவ்வளவு உயரத்திலிருந்து என்று கணக்கிடும் காரியம் அல்ல என்பதை இதைக்காட்டிலும் தெளிவாக ஒரு சித்தாந்த நூலால் சொல்லமுடியாது.

பெற்றோரை அழைத்துக்கொண்டு இந்தச் சீமைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘எழுபத்தைந்திலும் ஏறிவிட்டார்’ என்று உறவினரிடம் சொல்லிக்கொள்வதற்காக அவர்களை ஏழடிப்பட்டத்துக்கு இழுக்காதீர்கள். அந்தப் பெருமை உங்களுடையது, மூட்டுவலி அவர்களுடையது. அதேபோல, ஏற விரும்புகிறவரைப் பயங்காட்டிக் கீழே உட்காரவைப்பதும் தகாது. பத்துப் படி ஏறித் திரும்பினாலும் அது அவருடைய யாத்திரை. வெயிலேறினால் அந்தப் பாறைகள் கொதிக்கும். ஆகையால் விடியற்காலையில் வாருங்கள், குடிநீரும் கைத்தடியும் எடுத்து வாருங்கள். கோயில்களை நிர்வகிப்போர் அடிவாரங்களில் நிழலும் முதுகு சாயத்தக்க ஆசனங்களும் அமைக்கவேண்டும். மேலே போகிறவர்கள் செருப்புக் காவலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.