உரிமை கேட்பது பேராசையா?

பதவி உயர்வில் தமக்கு அநீதி நேர்ந்துவிட்டதென்று உணரும் அரசு ஊழியர் ஒருவர் கிறிஸ்தவராகவும் இருப்பாரானால், அவர்மேல் இரண்டு சுமைகள் ஏறுகின்றன. ஒன்று, இழப்பின் சுமை. தமக்குப் பின்னர் பணியில் சேர்ந்தவர் தமக்கு மேலதிகாரியாக அமர்கிறார். ஊதிய விகிதத்தில் தாம் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுகிறார். மற்றொன்று, மனச்சான்றின் சுமை. நீதிமன்றம் செல்வது நற்செய்திக்கு உகந்ததா? பதவிக்காகவும் பணத்துக்காகவும் வாதாடுவது பேராசை ஆகாதா?

ஆசிரியர்கள், எழுத்தர்கள், செவிலியர், இரயில்வே ஊழியர், மின்வாரிய ஊழியர் எனப் பலர் வாழும் நம் பங்குகளில் இது அரிதான கேள்வி அன்று. ஆயினும் இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ஆராயாமல் சொல்லப்படுபவை. “சிலுவையாக ஏற்றுக்கொண்டு விட்டுவிடுங்கள்” என்பர் சிலர். “ஒரு கை பார்த்துவிடுங்கள்” என்பர் வேறு சிலர். முதல் பதிலில் நீதிக்கு இடமில்லை. இரண்டாவதில் அன்புக்கு இடமில்லை. இரண்டையும் விட்டுவிடாமல் இக்கேள்வியை எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

மறுகன்னமும் ஒரு கேள்வியும்

வழக்குத் தொடுக்கலாகாது என்பதற்கு மறைநூலில் சான்றுகள் உண்டென்பது உண்மையே. அங்கிக்காக வழக்காட வருபவனுக்கு மேலுடையையும் விட்டுவிடுமாறு மலைப்பொழிவு கற்பிக்கிறது. சொத்தைப் பிரித்துத் தரும்படி தம் சகோதரரிடம் சொல்லுமாறு ஒருவர் வேண்டியபோது, அந்த நடுவர் பொறுப்பை ஆண்டவர் ஏற்கவில்லை. பேராசைக்கு எதிராக எச்சரித்தார். கொரிந்து சபையில் சகோதரர் சகோதரரை நீதிமன்றத்துக்கு இழுத்ததைப் புனித பவுல் கடிந்துகொண்டார். அதைவிட அநீதியைத் தாங்கிக்கொள்வதே மேல் என்றார்.

ஆனால் இவை எத்தகைய வழக்குகள் என்பதையும் நோக்கவேண்டும். உடன்பிறந்தார் இருவர், அல்லது ஒரே சபையைச் சேர்ந்தோர் இருவர், தத்தம் உடைமைக்காகத் தம்முள் மோதிக்கொள்ளும் வழக்குகள் இவை. அரசுக்கும் அதன் ஊழியருக்கும் உள்ள உறவு அத்தகையதன்று. ஆளும் அதிகாரம் மக்களின் நன்மைக்காக இறைவன் ஏற்படுத்திய தொண்டு என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலே கூறுகிறார். தொண்டென்றால் அது கணக்குக் கொடுக்கவேண்டியது, தவறினால் திருத்தப்படவேண்டியது.

அவ்வாறு திருத்தும்படி பவுலே கேட்டிருக்கிறார். பிலிப்பி நகரில் விசாரணையின்றி அவரையும் சீலாவையும் தடியால் அடித்துச் சிறையிலிட்டனர். மறுநாள் காலையில் சந்தடியின்றி விடுவிக்க முற்பட்டபோது, உரோமைக் குடிமக்களாகிய எங்களை வெளிப்படையாக அடித்துவிட்டு மறைவாக அனுப்புவதா என்று மறுத்தார். நகரத் தலைவர்களே நேரில் வந்து அழைத்துச் செல்லவேண்டும் என்றார். முந்திய இரவில் சிறையில் புகழ்ப்பா பாடியவரும், சிறைக்காவலரைத் தற்கொலையினின்று காத்தவரும் இவரே. பிற்காலத்தில் சீசரிடம் மேல்முறையீடு செய்தவரும் இவரே. பொறுமையும் முறையீடும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவை அனைத்துக்கும் மேலாக ஆண்டவரின் செயல் இருக்கிறது. தலைமைக் குருவின் முன் காவலன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தபோது அவர் திருப்பி அடிக்கவில்லை. எனினும் வாய்மூடியும் நிற்கவில்லை. தாம் தவறாகப் பேசியிருந்தால் தவறு எதுவெனக் காட்டுமாறும், சரியாகப் பேசியிருந்தால் அடித்தது ஏன் என்று சொல்லுமாறும் கேட்டார். மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர், அறைந்தவனிடம் காரணம் கேட்டார். காரணம் கேட்பது பழிவாங்குதல் அன்று. அறைந்தவனையும் பகுத்தறிவும் மனச்சான்றும் உடைய மனிதனாக மதிப்பதே அது.

“நன்று” என்ற ஒரு சொல்

பதவி உயர்வு வழக்குகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் இந்தக் கேள்வியே. எல்லைச் சாலைகள் அமைப்பில் பணியாற்றிய செயற்பொறியாளர் ஒருவரின் வழக்கில் 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கண்காணிப்புப் பொறியாளராக உயர்வு பெற, முந்திய ஐந்து ஆண்டு மந்தண அறிக்கைகளிலும் “மிக நன்று” என்ற மதிப்பீடு இருக்கவேண்டும் என்பது விதி. 1993-94-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது “நன்று” என்பது. அந்த ஒரு சொல்லால் அவருடைய வாய்ப்பு அடைபட்டது. அப்படியொரு சொல் எழுதப்பட்டதை அவருக்கு எவரும் தெரிவிக்கவில்லை. “நன்று” என்பது பழிச்சொல் அன்று. பழிச்சொல்லை மட்டும் தெரிவித்தால் போதும் என்பது அரசுத் தரப்பின் வாதம். உயர்நீதிமன்றத்தில் அவர் தோற்றார்.

உச்ச நீதிமன்றமோ சொல்லை நோக்காமல் அதன் விளைவை நோக்கியது. ஒருவருடைய வாய்ப்பைப் பறிக்குமானால், “நன்று” என்பதும் அவருக்குப் பாதகமான குறிப்பே. எனவே எந்த மதிப்பீடாயினும் உரியவருக்குத் தெரிவிக்கப்படவேண்டும். அதைக் குறித்து முறையிட அவருக்கு வாய்ப்பு வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அப்பொறியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். பதவியை நீதிமன்றம் நேரே எடுத்துக் கொடுக்கவில்லை. அக்குறிப்பை இப்போதாவது அவருக்குத் தெரிவியுங்கள். அவர் முறையீட்டைக் கேளுங்கள். மதிப்பீடு உயர்த்தப்பட்டால் முன்தேதியிட்டுப் பதவி உயர்வுக்குப் பரிசீலியுங்கள். தேர்வானால் நிலுவையையும் உயர்ந்த ஓய்வூதியத்தையும் வட்டியுடன் கொடுங்கள் என்று ஆணையிட்டது. 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் இக்கொள்கையை உறுதிசெய்தது.

ஒருவர் அறியாமல் அவரைப்பற்றி எழுதப்பட்ட ஒரு சொல், அவருடைய வாழ்வின் போக்கையே மாற்றிவிடுகிறது. பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இதைவிட நன்றாக எது விளக்கும்?

முகத்தாட்சணியம் என்னும் பாவம்

அலுவலகங்களில் நாம் சிறு குறைபாடாகக் கருதும் ஒன்றைப் புனித தோமா அக்குவினா பாவங்களின் வரிசையில் வைத்து ஆராய்கிறார். அது முகத்தாட்சணியம். அவர் காட்டும் எடுத்துக்காட்டே பதவி உயர்வைப் பற்றியதுதான். போதிய அறிவு உடையவர் என்பதற்காக ஒருவரை ஆசிரியர் பதவிக்கு உயர்த்தினால், அங்கே உரிய காரணம் நோக்கப்படுகிறது. இவர் பேதுரு, அவர் மார்ட்டின் என்று ஆளைப் பார்த்து உயர்த்தினால், அது பகிர்வு நீதிக்கு எதிரான பாவம். திருவள்ளுவரும் தகுதி அறிந்து பணியை ஒப்படைப்பதற்குத் “தெரிந்து வினையாடல்” என ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார்.

இங்கே சிலர் திராட்சைத் தோட்ட உவமையை எடுத்துக் காட்டுவர். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் சமமான கூலி கொடுத்த உரிமையாளரைப் பற்றி முணுமுணுப்பது தவறல்லவா என்பர். ஆனால் அந்த உரிமையாளர் முதலில் வந்தவனுக்குப் பேசிய தெனாரியத்தில் ஒன்றும் குறைக்கவில்லை. பின்னால் வந்தவனுக்குத் தம் சொந்தப் பையிலிருந்து தாராளமாகக் கொடுத்தார். அரசு அதிகாரிக்கோ அலுவலகம் சொந்தத் தோட்டம் அன்று. ஒருவருக்கு உரியதை எடுத்து இன்னொருவருக்குத் தாராளம் காட்டும் உரிமை அவருக்கு இல்லை.

கேட்கத்தக்கது எது?

நம் நாட்டின் சட்டம் இதில் ஒரு நுட்பமான வேறுபாட்டைப் பேணுகிறது. பதவி உயர்வு பெறுவது எவருக்கும் அடிப்படை உரிமை அன்று. பதவி உயர்வுக்கு நேர்மையாகப் பரிசீலிக்கப்படுவதே அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு வழங்கும் உரிமை. ஆன்மிக வாழ்வுக்கும் இது நல்ல அளவுகோல். என் பணி உள்ளபடி எடைபோடப்படவேண்டும் எனக் கேட்பது நீதி. அந்த இருக்கை எனக்கே உரியது, அது கிடைக்காவிட்டால் நான் ஒன்றுமில்லாதவன் என்று எண்ணுவது சிலைவழிபாட்டின் தொடக்கம். வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை கேட்ட செபதேயுவின் மக்களுக்கு ஆண்டவர் தந்த பதிலை இவ்விடத்தில் நாம் நினைவுகூர வேண்டும்.

ஊதியத்தைப் பற்றிய கேள்வி இதனினும் எளிது. ஒரே வேலைக்குக் குறைந்த கூலி கொடுப்பது உழைத்தவருக்கு உரியதை நிறுத்திவைப்பதாகும். நிறுத்திவைக்கப்பட்ட கூலியே ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுவதாக யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதுகிறார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இலும், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இலும் தம் சுற்றுமடல்களில் நேரிய ஊதியத்தை வலியுறுத்தினர். ஒரு சமுதாய அமைப்பு நீதியானதா என்று சோதிக்கும் உரைகல்லாகவே அதைப் பின்னவர் கண்டார். தில்லிக் காவல்துறையில் ஓட்டுநராயிருந்த காவலர் ஒருவர், பிற துறை ஓட்டுநர்களைவிடத் தமக்கு ஊதியம் குறைவென்று முறையிட்டபோது, 1982-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கைக்கு உயிர் கொடுத்தது. கடைசி ஊதியத்தைக் கொண்டு ஓய்வூதியம் கணக்கிடப்படும் ஊழியருக்கு, இன்றைய சிறு குறைவு அவர் மறைவுக்குப் பின் அவர் மனைவி பெறும் குடும்ப ஓய்வூதியத்திலும் தொடரும். தமக்காக விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. மனைவி மக்களுக்கு உரியதையும் சேர்த்துத் தனியே விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை உண்டா?

வழக்காடும் முறை

தொடுக்கலாம் எனில், எப்படித் தொடுப்பது? குற்றம் செய்த சகோதரரிடம் முதலில் தனியே பேசு, பின் ஓரிருவருடன் செல், அதன்பின் சபையில் சொல் என்ற ஒழுங்கை மத்தேயு நற்செய்தியில் காண்கிறோம். 1985-ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டமும் இதை ஒத்த ஒழுங்கைக் கேட்கிறது: துறைக்குள் முறையிடும் வழிகளை முடித்த பின்னரே பொதுவாகத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டலாம்.

காலமும் முக்கியம். தம்மைவிட இளையவர்கள் உயர்வு பெற்றுப் பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் வழக்குத் தொடுத்த தமிழ்நாடு அரசு ஊழியர் ஒருவரின் மனுவை 1974-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இத்தகைய குறையோடு வருபவர் ஆறு மாதத்துக்குள், மிஞ்சினால் ஓராண்டுக்குள் வரவேண்டும் என்றது. இதில் ஓர் அறமும் உண்டு. நாம் பேசாதிருந்த ஆண்டுகளில் மற்றொருவர் அந்தப் பதவியை நம்பித் தம் வாழ்வை அமைத்துக்கொண்டிருப்பார். மனத்தாங்கலை உள்ளே வைத்துப் பூட்டி அதற்குப் பொறுமை என்று பெயரிடுவதைவிட, காலத்தோடு பணிவாகக் கேட்டுவிடுவது எல்லாருக்கும் நல்லது.

அந்த மற்றொருவரை மறப்பதே வழக்காடுவோருக்கு நேரும் பெரிய சோதனை. பட்டியலில் ஒருவர் மேலேறினால் இன்னொருவர் கீழிறங்க நேரும். அதனாலேயே பாதிக்கப்படக்கூடியவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, அவர் தரப்பையும் கேட்கவேண்டும் என்பது சட்டநெறி. அவர் திருடியவர் அல்லர். பெரும்பாலும் கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொண்டவர். நீதிமன்றத்தில் அவருக்கு எதிரே நிற்பவர், அலுவலகத்தில் அவரோடு தேநீர் அருந்த முடியுமா? அவர் பிள்ளையின் திருமணத்துக்குச் செல்ல முடியுமா? முடியுமானால் அவ்வழக்கு மனிதரைக் கெடுக்கவில்லை. முடியாவிட்டால், வழக்கில் வென்றாலும் இழந்தது பெரிது. வாய்தா வாய்தாவாக ஆண்டுகள் நகரும்போது, வீட்டில் பேச்செல்லாம் அந்தக் கோப்பாகவே மாறிவிடுகிறது. அந்நிலை வருமுன் ஒருவர் தம் குடும்பத்தாரையும் ஒப்புரவு அருட்சாதனத்தில் தம் ஆன்மகுருவையும் கலந்துகொள்வது நன்று.

எழுதுகோல் ஏந்தியவர்கள்

இறுதியாக ஒன்று. இதுவரை வழக்குத் தொடுப்பவரின் மனச்சான்றையே ஆராய்ந்தோம். ஆனால் நம் வாசகர்களில் மேலதிகாரிகளும் உண்டு, தலைமையாசிரியர்களும் உண்டு. ஆண்டின் இறுதியில் மற்றொருவரின் பெயருக்கு எதிரே ஒரு சொல் எழுதும்போது, அவர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லக்கூடியதைத்தான் எழுதுகிறோமா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பலர் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் வழக்கு, சிலர் ஒரு நொடியில் எண்ணாமல் இட்ட கையெழுத்தில் தொடங்குகிறது.

திருச்சபையின் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பணியாளருக்குரிய நாட்டுச் சட்டங்களைக் கடைப்பிடிக்கவும், நேரிய, போதுமான ஊதியம் வழங்கவும் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 1286-ஆம் எண்ணில் கட்டளையிடுகிறது. தாளாளர் பொறுப்பில் இருக்கும் குருக்கள், இதை எழுதுபவனையும் சேர்த்தே, அந்த எண்ணை மறந்துவிடலாகாது. நம் பள்ளியின் ஆசிரியையோ மருத்துவமனையின் செவிலியரோ பணிமூப்பையும் ஊதியத்தையும் பற்றிக் காரணம் கேட்டால், அதைக் கீழ்ப்படியாமை என்று கொள்ளாமல், அன்று தலைமைக் குருவின் மாளிகையில் ஆண்டவர் எழுப்பிய கேள்வியின் எதிரொலியாகக் கேட்போம். அவருக்கு நாம் முறையாகப் பதில் சொல்லிவிட்டால், அவர் நீதிமன்றப் படியேறவேண்டிய தேவை பல வேளைகளில் எழாது.