வாசிப்பும் வற்புறுத்தலும்: அயல்மொழி வகுப்பறை எழுப்பும் ஓர் அறவினா

விருப்பங் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் ஏடு தொடக்கப்படுவதில்லை. பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலே அகரத்தை எழுதுவிக்கும் கை அன்பினால் இயங்குவதாயினும் வற்புறுத்தும் கையே. இதனை எவரும் தவறெனக் கொள்வதில்லை; ஏனெனில், அவ்வெழுத்துக்குரிய மொழி தாலாட்டாகவும் கதையாகவும் அப்பிள்ளையின் செவியை முன்னரே அடைந்துவிட்டது. அயல்மொழி வகுப்பறையின் நிலை வேறு. அங்கே எழுத்து முதலில் வருகின்றது. இலக்கணம் அடுத்து வருகின்றது. கதை பெரும்பாலும் வந்து சேர்வதேயில்லை. இந்நிலையில், அயல்மொழியிலே வாசிக்கும்படி ஒரு மாணவனை வற்புறுத்தும் உரிமை ஆசிரியருக்கு உண்டா? அவ்வாறு வற்புறுத்திப் பெறப்படுவது வாசிப்பாகுமா? இவை கற்பித்தல் முறை பற்றிய வினாக்கள் மட்டுமல்ல, அறம் பற்றிய வினாக்களுமாகும்.

இலங்கையில் இவ்வினாவுக்குத் தனியொரு கனம் உண்டு. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அதனையடுத்து வளர்ந்த சுயமொழிக் கல்வியும் உயர்கல்வியின் கதவை நாட்டுப்புற மாணாக்கருக்குத் திறந்துவிட்டன. 1960 களிலே பல்கலைக்கழகக் கலைப்பீடங்களிற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. எனினும், நூலகத் தட்டுகளிலிருந்த நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கில நூல்களாகவே இருந்தன. விரிவுரையைத் தாய்மொழியிற் கேட்கும் மாணவன் மேலும் அறிய விரும்பின் அயல்மொழியை நாடவேண்டியவனானான். சிங்கள மாணாக்கரின் பேச்சுவழக்கில் ஆங்கிலத்திற்குக் ‘கடுவ’, அதாவது வாள், என்றொரு பெயர் வழங்குவது இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒரு மொழியை வாளாகக் கண்டு அஞ்சும் ஒருவனிடமே அதனை விரும்பி வாசிக்குமாறு ஆசிரியர் கூறவேண்டியுள்ளது.

இவ்வச்சத்தை வகுப்பறை எவ்வாறு எதிர்கொள்கின்றது? ‘கிரகித்தல்’ என்ற பெயரில் ஒரு பந்தி கொடுக்கப்படுகின்றது; அதன் கீழே வினாக்கள் நிற்கின்றன. மாணவனின் கண் முதலில் வினாவுக்குச் செல்கின்றது. வினாவிலுள்ள சொல் பந்தியில் எங்கே வருகின்றதென்று தேடி, அவ்வரியை அப்படியே பெயர்த்தெழுதிப் புள்ளி பெறுகின்றான். பந்தியை விளங்காமலே இதனைச் செய்துவிடலாம். இம்முறையின் குறை அதன் பயனின்மையோடு முடிவதில்லை. எழுதப்பட்ட எதுவும் பிறர் வினாவுக்கு விடை தருவதற்கென்றே இருக்கின்றது, தன் மனத்தில் எழும் வினாவுக்கு அங்கே இடமில்லை என்ற எண்ணத்தை அது மாணவனிடம் ஊன்றிவிடுகின்றது. வாசிப்பின் பெயராற் கீழ்ப்படிவு கற்பிக்கப்படுகின்றது.

அவ்வாறாயின், வற்புறுத்தலை முற்றாகக் கைவிடுவதே முறையெனத் தோன்றலாம். பிரெஞ்சு மொழி ஆசிரியராகவும் நாவலாசிரியராகவும் விளங்கிய டானியல் பெனாக், 1992 இல் வெளியிட்ட நூலொன்றிலே வாசகனுக்குரிய பத்து உரிமைகளைத் தொகுத்து, வாசிக்காதிருக்கும் உரிமையை அவற்றுள் முதலாவதாக வைத்தார். இக்கருத்துக் கவர்ச்சியானது. ஆயினும், அவர் கருதியது பெரும்பாலும் தாய்மொழி வாசிப்பையே. ஆங்கில நூல்கள் அடுக்கப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை வாசிக்க மறுத்தால் அது தெரிவு. அத்தகைய நூலொன்றைக் கையாலும் தொட்டறியாத பிள்ளையிடம், “விரும்பினால் வாசிக்கலாம்” என்று கூறிவிட்டு ஒதுங்குவது கைவிடலாகும். தெரிவதற்கு எதுவுமில்லாதவனுக்கு அளிக்கப்படும் சுதந்திரம் வெறுஞ்சொல்லே.

டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் ஈடுபட்டிருந்த மைக்கேல் வெஸ்ற் இதன் மறுபக்கத்தைக் கண்டவர். இருமொழியம் குறித்து 1926 இல் வெளிவந்த தமது நூலில், வங்க மாணவனுக்கு ஆங்கில வாசிப்புத் திறனே முதன்மையான தேவை என அவர் வாதிட்டார். இடையிலே பாடசாலையை விட்டு விலகும் பிள்ளை தன்னோடு எடுத்துச் செல்வது என்ன என்பதே அவரை உறுத்திய கேள்வி. பாதி கற்ற பேச்சு விரைவில் மறந்துபோகும். எளிய நூலொன்றை வாசிக்கும் ஆற்றலோ அவ்வளவிலும் பயன் தரும். ஆதலால், புதிய சொற்களின் தொகையை மட்டுப்படுத்தி, அவற்றை இடைவெளி விட்டுப் புகுத்தும் வாசிப்பு நூல்களை அவர் ஆக்கினார். மாணவனை நூலுக்கேற்ப வளைக்காது நூலை மாணவனுக்கேற்ப அமைத்தமை அவரது முயற்சியின் சிறப்பாகும்.

அரைநூற்றாண்டின் பின்னர், 1980 களின் தொடக்கத்தில், வோறிக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் பீஜித் தீவுகளின் கிராமப் பாடசாலைகளில் ஓர் ஆய்வை மேற்கொண்டனர். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏறத்தாழ 250 ஆங்கிலக் கதைநூல்கள் வழங்கப்பட்டன. சில வகுப்புகளில் ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து கதையை வாசித்து உரையாடினார். வேறு சிலவற்றிற் பிள்ளைகள் நாள்தோறும் 20 முதல் 30 நிமிடம்வரை தாமே மௌனமாக வாசித்தனர். வழமையான அமைப்புப் பயிற்சிகளோடு நின்ற வகுப்புகளைவிட இவ்விருவகை வகுப்புகளும் வாசிப்பில் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் முன்னேறின. அடுத்த ஆண்டில் அப்பயன் ஏனைய மொழித்திறன்களுக்கும் பரவியது. இங்கே பிள்ளைகள் தன்போக்கில் விடப்படவில்லை. வாசிப்பதற்கு நேரம் ஒதுக்கப்பட்டது. நூல்கள் கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்பட்டன. அந்நேரத்தில் எந்த நூலோடு இருப்பது என்பதே பிள்ளையிடம் விடப்பட்டது.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கின்றது. வற்புறுத்தலுக்கு வகுப்பறையில் இடமுண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி மாணவன்மீது சுமத்தப்படவேண்டியதன்று. எழுத்தையும் சொல்லையும் வாக்கிய அமைப்பையும் கண்டிப்போடு கற்பித்தல் ஆசிரியர் கடன். நூலும் நேரமும் இடமும் தருதல் பாடசாலையின் கடன். இக்கடன்கள் நிறைவேறாதவிடத்து மாணவனின் ‘வாசிப்பு ஆர்வமின்மை’ குறித்து வருந்துவது நேர்மையாகாது. இவை நிறைவேறிய பின்னரோ, வினாத்தாளை மடித்துவைத்துவிட்டுச் சற்று மௌனமாயிருக்க ஆசிரியர் பழகவேண்டும். மாணவன் மிக எளிய கதையைத் தெரியலாம், பாதியில் மூடிவைக்கலாம், ஒன்றையும் விரும்பாமலும் போகலாம். அந்த ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வதும் கற்பித்தலின் ஒரு பகுதியே. அரிசியில் எழுதுவித்த கையும் ஒரு கட்டத்தில் விரலை விட்டே ஆகவேண்டும். எப்போது விடுவது என்பதை அறிதலே ஆசிரியத்தின் அறமாகும்.