சும்மா கிடைத்த நாற்காலி

இலவச நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பது தப்பா? நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். "காசா குடுத்தோம்? வரலைன்னா யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார்கள். செம்பவாங் சமூக மன்றத்திலும் கோயில் மண்டபத்திலும் தொண்டூழியராக வாசலில் நின்று தலை எண்ணியவன் நான். என்னால் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

நமக்கு இலவசமாகக் கிடைக்கும் கலை கொஞ்சமில்லை. எஸ்பிளனேட் 2002இல் திறந்த அதே ஆண்டு தொடங்கிய கலா உத்சவத்தில், டிக்கெட் எடுக்காமலேயே எவ்வளவோ பார்க்கலாம். 2013 மே மாதத்திலிருந்து தேசிய அரும்பொருளகங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. ஏப்ரலில் தமிழ்மொழி விழா, புரட்டாசியில் நவராத்திரி மேடைகள். கேட்டால் "சும்மா" என்கிறோம்.

சும்மா இல்லை. யாரோ கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் கலைக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி டோட் போர்டு வழியாக வருகிறது. அது 4டி, டோட்டோ விற்பனையில் மிஞ்சியது. உங்கள் மாமாவுக்கு இந்த வாரமும் நம்பர் விழவில்லையா? கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏதோ ஒரு மிருதங்கக்காரருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்! (சூதாட்டக் காசில் கச்சேரி கேட்கலாமா என்பது பெரிய சண்டை. அதை இன்னொரு இதழில் போட்டுக்கொள்வோம்.) கோயிலில் மட்டும்தான் உபயதாரர் பெயரைச் சத்தமாக வாசிக்கிறார்கள். மற்ற இடங்களில் கட்டியவர் முகம் நமக்குத் தெரிவதில்லை.

அன்னதானத்தில் நாலு இலை பிடித்து வைத்துவிட்டு உட்காராமல் போக முடியுமா? பின்னால் நிற்கும் பாட்டி விடுவாங்களா? "சாப்பிடாதவன் எதுக்குடா இலை போட்டே?" என்று நாலு பேர் முன்னால் கேட்பாங்க. பதிவுசெய்துவிட்டு வராததும் அதே காரியம்தான். பாரத்தில் 'இடம் நிரம்பிவிட்டது' என்று வந்ததும் இன்னொருவர் ஏமாந்து திரும்பிப் போகிறார். அன்று மாலை பார்த்தால் பாதி நாற்காலி காலி. சோறு மிஞ்சினால் மறுநாள் நாறும். காலி நாற்காலி நாறுவதில்லை, அதனால் வீணானது யார் கண்ணிலும் படுவதில்லை.

எங்கள் குழுவில் இதற்கு இரண்டு வழி பேசினார்கள். ஒன்று, ஆளுக்கு 5 வெள்ளி வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது. இன்னொன்று, விமானக் கம்பெனிக்காரர்கள் செய்வதுபோல் இருக்கும் இடத்தைவிட அதிகமாகப் பெயர் எடுப்பது. பொறியியல் படிக்கிறவன் என்பதால் கணக்கை என் தலையில் கட்டினார்கள். பத்துக்கு ஏழு பேர்தான் வருவார்கள் என்றால், 200 நாற்காலிக்கு 260 பேரைப் பதியலாம். சராசரியாக 182 பேர் வருவார்கள். கணக்கு சரி. ஆனால் வருகிறவர்கள் தனித்தனியாக முடிவு செய்வதில்லையே. மழை பெய்தால் எல்லாரும் வீட்டில். பிரபலமான பாடகர் என்றால் எல்லாரும் வாசலில். அன்றைக்கு வெளியே நிறுத்தப்படும் அம்மாவிடம் சராசரியைக் காட்ட முடியுமா?

5 வெள்ளி விஷயம்தான் என்னை அதிகம் உறுத்தியது. செம்பவாங், அட்மிரல்ட்டி பக்கத் தங்கும் விடுதிகளில் தமிழ்நாட்டு அண்ணன்மார் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு ஓவர்டைம் இருக்குமா என்பது பலருக்கு முதல் நாள்தான் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பே எப்படிப் பதிவார்கள்? க்யூஆர் கோடைப் பார்த்தாலே பேரனைக் கூப்பிடும் பாட்டிமார் இருக்கிறார்கள். 2025இல் 18 வயது நிரம்பிய சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் கலை நிகழ்ச்சிகளுக்காக 100 வெள்ளி கலாசாரச் சலுகைத் தொகை கொடுத்தது. 2028 முடியும் வரை செலவழிக்கலாம். நல்ல திட்டம்தான், ஆனால் குடிமக்களுக்கானது. அரசாங்கம் ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். கோயில் மண்டபத்தில் நாம் நடத்துகிற நிகழ்ச்சிக்கும் கோடு வேண்டுமா?

இந்த ஊரின் பழைய கதை எனக்கு உதவியது. 1938இல் பிரிட்டிஷார் திறந்த கடற்படைத் தளத்தில் மலையாளிகளும் தமிழர்களும் நிறைய பேர் வேலை பார்த்தார்கள். 1954இல் மலையாளிகள் 'நேவல் பேஸ் கேரளா நூலகம்' தொடங்கி நாடகங்கள் போட்டார்கள். 1960களில் கேன்பரா ரோடு பக்கம் ஒரு மரத்தடியில் பிறந்ததுதான் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். பிறகு ஈசூனுக்கு இடம் மாறியது. பங்குனி உத்திரத்தில் இன்றைக்கும் கூட்டம் நெரிகிறதே, எந்தப் பாரம் நிரப்பினார்கள்? இந்த வருஷம் காவடி பார்க்கிறவன் அடுத்த வருஷம் தூக்குகிறான். அவன் அக்கா பால்குடம் எடுக்கிறாள். பார்ப்பவன், செய்பவன் என்று அங்கே இரண்டு ஜாதி கிடையாது. வராமல் இருக்கும் பழக்கம், நாம் வெறும் பார்வையாளரான பிறகு வந்தது என்றே நினைக்கிறேன்.

குற்றத்தை முழுக்க வராதவர் மேல் போடவும் எனக்கு மனம் இல்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. மரியாதை இல்லாமல், இளக்காரமாகக் கொடுப்பது அதில் கடைசி வகை, தாமசம். ஏழு மணி நிகழ்ச்சி, சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று ஏழே முக்காலுக்குத் தொடங்குகிறது. முன்வரிசை நாற்காலிகளில் 'ரிசர்வ்' தாள் ஒட்டிக் காலியாகக் கிடக்க, பெரியவர்கள் பின்னால் நிற்கிறார்கள். "தம்பி, உங்களுக்கு நல்ல வாய்ப்பு" என்று சொல்லி, வயலின் வாசிக்கும் மாணவருக்கு டாக்ஸிக் காசுகூடக் கொடுப்பதில்லை. திருவையாற்று ஆராதனையில் வித்வான்கள் காசு வாங்காமல் பாடுகிறார்களே என்பார்கள். அது அவர்களாகச் செலுத்தும் காணிக்கை. அங்கே தியாகராஜர் சமாதிக் கோயிலை 1920களில் தன் சொந்தப் பணத்தில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் ஆராதனையில் பாடக்கூடாது என்றிருந்த காலம் அது. தன் கையிலிருந்து கொடுப்பது ஒன்று. அடுத்தவன் உழைப்பை எடுத்து 'இலவசம்' என்று போஸ்டர் அடிப்பது வேறு.

அதனால் நவராத்திரி மாலைக்கு நான் வைத்த யோசனை இவ்வளவுதான். பதிவுப் பாரமே வேண்டாம், வந்தவருக்கு நாற்காலி. யார் வந்தாலும் வராவிட்டாலும் 7.30க்குத் தொடங்குவது. முன்வரிசை வயதானவர்களுக்கு. வாசிக்கிறவர்களுக்கு, சின்னத் தொகையானாலும், ஒரு கவர். "சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னு எப்படித் தெரியும்?" என்று பொருளாளர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அன்னதானக் குழுவில் இருக்கும் ஆன்ட்டிகளைக் கேட்டேன். "ஒரு கை அரிசி கூடப் போட்டா ஆச்சு" என்றார்கள்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. தங்கள் பிள்ளை ஆடி முடித்ததும் மொத்தக் குடும்பமும் எழுந்து போய்விடும். அடுத்த பிள்ளை காலி நாற்காலிகளைப் பார்த்து ஆடும். பதியாமல் இருப்பதைவிட, பதிந்துவிட்டு வராததைவிட, இது கொடுமை என்பேன். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் கோலாட்டத்தைக் கடைசியில் வைத்துவிடலாம் என்றார் குழுவில் ஒரு அக்கா. தந்திரம்தான். வைத்திருக்கிறோம்.