சாலையோரத்துச் சாட்சியம்

சாட்சியம் என்பது நீதிபதியின் முன் நின்று நாவால் உரைப்பது மட்டுமன்று. கல்லில் பொறித்து வழியோரம் நாட்டுவதும் சாட்சியமே. நாவின் சாட்சி சொன்னவனோடு மறையும். கல்லோ, பொறித்தவன் மண்ணான பின்னும் வழிப்போக்கரை நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கும்.

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779இல், தளபதிகள் சல்லிவனும் கிளின்டனும் படைநடத்திச் சென்ற வழிநெடுக, நியூயார்க் மாநில அரசு 1929இல் நினைவுக் கற்களை நாட்டியது. பகைகொண்ட பூர்வகுடியினர்மீது சென்ற படை, எல்லைப்புறத்தில் அவர்களும் ஆங்கிலேயரும் புரிந்த அத்துமீறல்களைத் தடுத்தது, அமெரிக்க ஆட்சியை மேற்கே விரித்தது என்பது அவற்றின் வாசகச் சாரம். இதில் பொய்யென்று ஒரு சொல்லையும் நாம் சுட்ட இயலாது. 1778 நவம்பரில் செர்ரி வேலியில் குடியேறியோரின் பெண்டிரும் பிள்ளைகளும் கொல்லப்பட்டது மெய். 1779 ஆகஸ்ட் 29இல் நியூடவுனில் நடந்த சண்டையும் மெய்.

ஆனால் அச்சண்டை சில மணி நேரத்தது. படையின் பெரும்பணி அதன் பின்னரே நடந்தது. அந்நாட்டைக் கடந்து சென்றால் போதாது, அழித்தொழிக்க வேண்டும் என்பது மே 31இல் வாஷிங்டன் எழுதிய கட்டளை. 40 ஊர்கள் எரிந்தன. 1,60,000 புஷல் மக்காச்சோளம் அழிந்ததெனச் சல்லிவனே கணக்குக் கொடுத்தார். கயூகா ஏரிக்கரையில் ஓரூரில் மட்டும் ஏறத்தாழ 1,500 பீச் மரங்கள் வெட்டுண்டன. நயாகரா கோட்டையை அண்டிய ஆயிரக்கணக்கானோரில் பலர், அக்கொடிய பனிக்காலத்தில் பசியாலும் குளிராலும் மாண்டனர். கல்லில் இவை இல்லை.

கனிமரம் வெட்டுண்டது என்றதும் நம் நினைவு ஹஸ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களிடம் செல்கிறது. ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது, பெண்டிரையும் பிள்ளைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரத்தை வெட்டலாகாது, குடியிருப்பைப் பாழாக்கலாகாது என அவர்கள் பணித்ததை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்துள்ளார்கள். இதைச் சொல்லி அமெரிக்கரைச் சாடிவிட்டு அமர்ந்துவிடலாம். மேடையில் அது எளிது. ஆயின், பனூ நளீர் முற்றுகையில் பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டதை ஸூரத்துல் ஹஷ்ர் பேசுவதையும் நாம் ஓதியிருக்கிறோம். இமாம் அவ்ஸாயீ (ரஹ்) வெறுத்ததை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அனுமதித்தார்கள். எனவே மரத்தைப் பற்றிய வழக்கில் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு.

சாட்சியத்தை மறைப்பதில் அவ்வேற்றுமை இல்லை. மறைப்பவனின் உள்ளமே பாவத்துக்குள்ளாகிறது என்கிறது ஸூரத்துல் பகராவின் 283ஆம் வசனம். அது கடனையும் ஈட்டையும் பற்றிய வசனம் என்பதை மறந்துவிடலாகாது. கொடுக்கல் வாங்கலுக்கே இத்துணை எச்சரிக்கை என்றால், பசித்து மாண்ட உயிர்களுக்கு எத்துணை வேண்டும்?

சிறிய கல்லில் இடம் ஏது என்பர் சிலர். ஆட்சி மேற்கே விரிந்ததைச் சொல்ல இடமிருந்ததே!

செய்தி எட்டவில்லை எனவும் கூறுவதற்கில்லை. 1790இல் செனகா குடித்தலைவர் கார்ன்பிளான்டர், வாஷிங்டனை விளித்தே முறையிட்டார். தம் மக்கள் அவரை ஊரழிப்போன் என்றழைப்பதையும், அப்பெயர் செவியில் விழுந்தால் பெண்கள் முகம் வெளிறித் திரும்பிப் பார்ப்பதையும், குழந்தைகள் தாயின் கழுத்தை இறுகக் கட்டிக்கொள்வதையும் ஒளிக்காமல் கூறினார். அம்முறையீடு 1832இல் அமெரிக்க அரசு ஆவணத் தொகுதியிலேயே அச்சேறியது. கல் நாட்டியவர்களுக்கு அது 97 ஆண்டுப் பழைய நூல்.