மௌனம் சம்மதம் ஆகுமா?

ஏடுகள் பேசாது விட்டவர்களைப் பேசவைக்கும் உரிமை புதின ஆசிரியர்க்கு உண்டா? அமெரிக்க மேற்கெல்லையை நாடிய முன்னோடிகளைப் பற்றிய வரலாற்றுப் புதினங்களைப் பயில்வோர் உள்ளத்தில் இவ்வினா எழாமல் இராது.

1804 முதல் 1806 வரை லூயிஸ், கிளார்க் இருவரும் தம் குழுவினருடன் மிசௌரி ஆற்றின் வழியே பசிபிக் கடல்வரை சென்று மீண்டனர். இளமையில் பகை இனத்தாரால் கவரப்பட்ட ஷோஷோனிப் பெண் சகாகவியா, கைக்குழந்தையைச் சுமந்தவாறே அவர்களுடன் மலை கடந்தார். மொழிபெயர்ப்பில் கணவருடன் அவரும் பங்கு கொண்டார். ஊதியமோ கணவருக்கு மட்டுமே கிடைத்தது.

1902இல் ஈவா எமரி டை எழுதிய புதினம் அவரைக் குழுவின் வழிகாட்டியாக்கிப் போற்றியது. 1905இல் போர்ட்லாந்து நகரில் சிலையும் எழுந்தது. உண்மையில் அவர் வழிகாட்டியது சில இடங்களிலேயே. மறக்கப்பட்டவரை நினைவுகூர்தல் நன்றே. ஆயினும் அப்புகழ், அவர் பிறர்க்கு ஆற்றிய தொண்டினையே அளவுகோலாகக் கொண்டது. தம் மக்களின் நிலம் பறிபோக வழிவகுத்த பயணத்தை அவர் மனமுவந்து ஏற்றார் என்று கொள்ள யாதொரு சான்றும் இல்லை.

கிளார்க்கின் அடிமையாய் உடன்சென்ற யார்க், திரும்பியபின் விடுதலை வேண்டினார். கிளார்க் பல்லாண்டுகள் மறுத்தார். தொண்டைப் புகழ்ந்து வேண்டுகோளை மறைக்கும் புதினம், அம்மறுப்புக்குத் துணைபோவதாகும்.

கற்பனை குற்றமன்று, பிறர் மௌனத்தைச் சம்மதமாக எழுதுவதே குற்றம். 1806 சனவரியில், கரை ஒதுங்கிய திமிங்கிலத்தையும் பெருங்கடலையும் தாமும் காணவேண்டுமெனச் சகாகவியா வற்புறுத்தியதைக் குறிப்பேடுகள் கூறுகின்றன. அறமறிந்த எழுத்தாளர் தொடங்கவேண்டிய இடம் அவ்விருப்பமே.