கண்ணோட்டம்

'கண்ணோட்டம்' என்ற சொல்லை இன்று நாம் 'கருத்து', 'நோக்கு' என்ற பொருளில் எழுதி எழுதித் தேய்த்துவிட்டோம். வள்ளுவர் இந்தப் பெயரில் ஓர் அதிகாரமே வகுத்தார். அவருக்கு அது இரக்கம். ஒருவர்மேல் கண் ஓடினால் அவர்பால் நெஞ்சும் ஓட வேண்டும் என்று நம்பிய மக்கள்தாம் இப்படி ஒரு சொல்லை ஆக்கியிருக்க முடியும். பார்ப்பது வேறு, பரிவது வேறு என்று அவர்கள் பிரிக்கவில்லை. நாம் பிரித்துவிட்டோம். அந்தப் பிரிவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர், உல்லாசக் கப்பல்களில் பயணிகளுக்குத் தரப்படும் ஒரு சிறு பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

கப்பல் ஒரு துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கும். அந்த நேரத்துக்குள் கரையில் இறங்கி எதைப் பார்ப்பது என்று பயணி முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். அலாஸ்காவில் ஜூனோ என்று ஓர் ஊர். மக்கள் தொகை ஏறத்தாழ 32,000. வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. கடல் வழியாக அல்லது வான் வழியாகத்தான் போக வேண்டும். 2023-ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சிற்றூருக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் 16 இலட்சத்துக்கு மேல். அவர்கள் கையில் இருந்த பட்டியலில் என்னென்ன இருக்கும்? படகில் போய்த் திமிங்கிலம் பார்த்தல். மிதவை விமானத்தில் போய்க் கரடி பார்த்தல். ஹெலிகாப்டரில் போய்ப் பனியாற்றின்மேல் இறங்குதல். நாய்கள் இழுக்கும் வண்டியில் பனிமேல் சறுக்குதல். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரமும் விலையும் இருக்கும்.

பார்வைக்கு இது ஓட்டலில் கொடுக்கும் உணவுப் பட்டியல்தான். எனக்குப் பிடித்ததை நான் கேட்கிறேன், பணம் கொடுக்கிறேன், இதில் அறம் எங்கே வந்தது என்று ஒருவர் கேட்கலாம். வித்தியாசம் ஒன்று உண்டு. ஓட்டல் பட்டியலில் உள்ள பண்டத்துக்கு வேறு வேலை இல்லை. இந்தப் பட்டியலில் உள்ள திமிங்கிலத்துக்கு வேலை இருக்கிறது.

அது என்ன வேலை? கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பல, குளிர்காலத்தை ஹவாய்த் தீவுகளின் வெதுவெதுப்பான கடலில் கழிக்கின்றன. கன்று ஈனுவது அங்கேதான். ஆனால் அங்கே அவற்றுக்கு இரை அநேகமாக இல்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு பட்டினியாகக் காலம் தள்ளுகின்றன. பிறகு ஏறத்தாழ 3,000 மைல் நீந்தி, கோடையில் அலாஸ்காவின் குளிர்ந்த நீருக்கு வந்து சேர்கின்றன. வந்து செய்கிற வேலை ஒன்றே: உண்ணுதல். அடுத்த பட்டினிக்கு வேண்டியதை அந்தச் சில மாதங்களில் உண்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். உல்லாசக் கப்பல்கள் வருவதும் அதே கோடையில்தான்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இலைமுன் அமர்ந்து உண்ணும்போது எதிரே நின்று உற்றுப் பார்க்கக் கூடாது. குழந்தை அப்படி நின்றால், 'சாப்பிடுகிறவர்களை வாய் பார்க்காதே' என்று தாய் கடிந்து இழுத்துக்கொண்டு போவாள். கண்ணேறு பட்டுவிடும் என்பார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களும், அதற்குள் இருக்கும் நாகரிகத்தைத் தள்ள முடியாது. பசித்தவன் உண்ணும் நேரம் அவனுக்கு உரியது. அதில் பிறர் கண்ணுக்கு உரிமை இல்லை. மனிதனிடம் நாம் காட்டும் இந்த மரியாதையை, 3,000 மைல் பட்டினியாக வந்த உயிரிடம் காட்ட வேண்டாமா?

அமெரிக்க அரசு இதை அறியாமல் இல்லை. அலாஸ்காக் கடலில் கூன்முதுகுத் திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது, அது வரும் வழியில் படகைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டிலேயே விதி செய்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியே பேசுகிறது. முதல் படகு 100 கஜத்தில் நிற்கிறது, அது போனதும் இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒருவரும் குற்றம் செய்யவில்லை. ஆனால் திமிங்கிலத்துக்கு அன்றைய பகல் முழுவதும் எந்திர ஓசைதான்.

'நான் ஒருவன் பார்ப்பதால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்பது எளிது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. எந்த எறும்பைக் கேட்டாலும், 'நான் தேய்க்கவில்லை' என்றுதான் சொல்லும். அது சொல்வது பொய்யும் அன்று. ஆயினும் கல் தேய்ந்திருக்கிறது. இந்தக் காலத்துத் தீமைகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. செய்தவன் என்று ஒருவனைச் சுட்ட முடியாது. பங்குகொண்டவர்கள் மட்டும் இலட்சக் கணக்கில் இருக்கிறார்கள். அங்கே அறம் நம்மிடம் கேட்பது, 'நீ குற்றவாளியா?' என்று அன்று; 'உன் பங்கு என்ன?' என்றுதான்.

இந்தப் பங்கு எங்கே தொடங்குகிறது? படகோட்டியிடத்தில் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 'திமிங்கிலத்தைக் கட்டாயம் காணலாம். காணாவிட்டால் பணம் திருப்பித் தரப்படும்' என்று விளம்பரம் செய்யும் படகையும், 'காணலாம், காணாமலும் போகலாம்' என்று உள்ளதைச் சொல்லும் படகையும் அருகருகே வைத்தால், நம்மில் எத்தனை பேர் இரண்டாவதில் ஏறுவோம்? முதல் படகின் தலைவன் பயணிக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். இனி அவன் கடலில் எதைக் கண்டாலும் அந்த வாக்கு அவன் பின்னே நின்று தள்ளும். அந்த வாக்கை அவனிடம் வாங்கியவர்கள் நாம்.

'எங்களுக்கு அவற்றின்மேல் அன்பு. அதனால்தான் அருகே போகிறோம்' என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அன்பைப் பற்றித்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

கரீபியன் கடலில் கேமன் தீவு ஒன்று உண்டு. அங்கே பவளத்திட்டுக்கு உட்புறம் அலையடங்கிய ஆழமற்ற நீரில், மீனவர்கள் பிடித்த மீனைக் கழுவி அறுத்துக் கழிவை வீசுவார்கள். அதைத் தின்னத் திருக்கை மீன்கள் கூடின. 1980-களில் முக்குளிப்பவர்கள் அவற்றுக்குக் கையால் இரை ஊட்டிப் பழக்கினார்கள். பிறகு கப்பல் பயணிகள் கூட்டங்கூட்டமாக வந்து இடுப்பளவு நீரில் நின்று ஊட்டவும் தடவவும் தொடங்கினார்கள். யாரும் துன்புறுத்த வரவில்லை, கொஞ்சத்தான் வந்தார்கள். ஆனால் ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? இரவில் தனித்தனியே இரை தேடும் இயல்புடைய அந்த மீன்கள், அங்கே பகலில் கும்பலாகத் திரியத் தொடங்கிவிட்டன. அவற்றின் இரவும் பகலும் மாறிப்போயின.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை நாம் வள்ளல் என்று போற்றுகிறோம், போற்றத் தக்கவன்தான். அவன் மயிலிடம் ஒன்றும் கேட்கவில்லை; தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனான். ஆனால் குளிர்ந்தது மயிலுக்கா, பேகனுக்கா என்ற கேள்வியும் இருக்கவே செய்கிறது. போர்வை மயிலைக் கெடுக்கவில்லை; அது ஒரு நாள் கதை. நாள்தோறும் ஆயிரம் பேகன்கள் ஆயிரம் போர்வைகளோடு வந்தால் மயில் என்ன ஆகும்? உயிரின் இயல்பை அறியாத அன்பு, தன் குளிரைப் பிறர்மேல் போர்த்திவிடும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. காலாபகஸ் தீவுகளுக்கு 1835-இல் டார்வின் போனார். அங்கே பறவைகள் மனிதனைக் கண்டு பறக்கவில்லை. கிளையில் அமர்ந்த பருந்தொன்றைத் துப்பாக்கி முனையாலேயே தள்ளினார். அந்த நம்பிக்கைக்கு அக்காலத்து மனிதர்கள் அளித்த மறுமொழியையும் உலகம் அறியும். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அங்கிருந்த பேராமைகளை உயிரோடு தூக்கிக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கி, நெடுநாள் உணவாக வைத்துக்கொண்டன. அப்படிப் போனவை இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

ஆனால் இன்று அந்தத் தீவுகளில் நிலை வேறு. 1959-இல் அவற்றின் பெரும்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. சுற்றுலாக் கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. பூங்காவின் தலங்களில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது. குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. எந்த உயிரையும் இரண்டு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. ஜூனோவுக்கு அருகிலேயே கரடிகள் கூடும் பாக் ஓடையில், பருவத்தின் உச்சியில் ஒரு நாளைக்கு 24 பேருக்குத்தான் அனுமதி. 'எனக்குப் பணம் இருக்கிறது' என்பது அங்கே செல்லாது. பார்ப்பவர்கள் தம்மை அடக்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அதனால் அந்த உயிர்கள் இன்னும் அஞ்சாமல் வாழ்கின்றன. கண்ணுக்கும் விரதம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். 1966-இல் அண்டார்டிகாவுக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் சென்ற லிண்ட்பிளாட், கண்டவர்கள் காப்பவர்கள் ஆவார்கள் என்று நம்பினார். வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்த 1982-இல் உலக நாடுகள் முடிவு செய்ததற்கு, அந்த உயிர்களை நேசிக்கக் கற்றுக்கொண்ட மக்களும் ஒரு காரணம். ஜூனோ மக்களுள் பலருக்கு இது பிழைப்பு. சனிக்கிழமைகளில் கப்பல் வேண்டாம் என்று 2024-இல் அவ்வூரில் ஒரு வாக்கெடுப்பு நடந்து தோற்றது. தோற்கடித்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று தூரத்தில் இருந்து சொல்வது அறம் ஆகாது.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. நல்ல படகைத் தேர்ந்தெடுத்தவரும் பெரிய கப்பலில்தான் அங்கே வந்தார். ஜூனோவுக்கு மேற்கே கிளேசியர் விரிகுடாவில் ஒரு பெண் திமிங்கிலம் இருந்தது. வாலின் அடியில் பனித்துகள் போன்ற புள்ளிகள்; அதனால் 'ஸ்னோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1975 முதல் ஆராய்ச்சியாளர்கள் அதை அறிவார்கள். 2001 ஜூலையில் அது உல்லாசக் கப்பல் ஒன்று மோதி இறந்து மிதந்தது. வயிற்றில் கன்று இருந்தது. வழக்கு நடந்தது, கப்பல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 7,50,000 டாலர் செலுத்தியது. அந்த எலும்புக்கூட்டை 2014 முதல் பூங்காவில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்களுள் எத்தனை பேர் திமிங்கிலம் காணும் ஆசையோடு வந்தவர்களோ!

ஆகவே, தேர்ந்தெடுக்கும்போது விலையையும் நேரத்தையும் கேட்ட பிறகு இன்னும் சில கேட்க வேண்டும். இந்த உயிர் விரும்பினால் விலகிப்போக முடியுமா? எவ்வளவு நெருங்குவது என்பதை முடிவு செய்வது யார்? எனக்கு முன்னும் பின்னும் இன்று எத்தனை பேர்? என்னைச் சுமந்துவரும் கப்பல் அந்தக் கடலில் எவ்வேகத்தில் போகிறது? இவற்றுக்கு விடை தெரியாவிட்டால், திமிங்கிலத்தை விட்டுவிட்டு ஊரின் தெருவில் நடந்து வரலாம்; அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: 'ஒன்றையும் காணாமல் திரும்பிவர நான் தயாரா?' தயார் என்று சொல்லக் கூடியவர் படகில் ஏறலாம். மூன்று மணி நேரம் வெறும் கடலைப் பார்த்துவிட்டு அவர் கரை ஏறக்கூடும். எங்கோ ஆழத்தில் ஓர் உயிர் அந்த நேரத்தில் நிம்மதியாக இரை உண்டது என்று அவர் மகிழ முடியுமானால், காணாத உயிர்மேலும் அவர் நெஞ்சு ஓடியிருக்கிறது. கண்ணோட்டம் அதுதான்.